லென்ச மாட்டியாச்சு, இப்ப எந்தக் கோட்ட பாத்து எடுக்கறது? லைக்கா எம்8, எம்9, எப்சன் ஆர்-டி1 கேமரா வச்சிருக்கவங்களுக்கு

போன ஆடித் திருவிழா முடிஞ்ச மறுநாள் மலேசியாவுல நம்ம பத்தாங் பெர்ஜுந்தை டவுன்ல ஒட்டுக்கடையில உக்காந்து தே தாரிக் குடிச்சிட்டு இருந்தேன், நம்ம தோட்டத்து தம்பி ஒருத்தன் லேப்டாப்ப தூக்கிட்டு நேரா வந்து எதிர்ல உக்காந்துட்டான். செகண்ட் ஹேண்ட்ல ஒரு லைக்கா எம்8 வாங்கி, 40 எம்எம் லென்ஸ் ஒண்ணு மாட்டி, திருவிழா பூரா எடுத்திருக்கான். "அண்ணே, கட்டம் பாத்து தான்ணே எடுத்தேன், ஒண்ணுகூட நான் பாத்த மாதிரி இல்ல" அப்படின்னான். படத்த பாத்தா, கரகம் எடுத்த அக்கா நடுவுல சின்னதா நிக்கறாங்க, சுத்தி பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணி டப்பா, ஹேன்ட்போன தூக்கி பிடிச்சிட்டு நிக்கற மாமா ஒருத்தர், மேல பாதி ஜிங்க் கூரை. தம்பி கண்ணு மேல தப்பு இல்ல. கேமரா காட்டுன கட்டம் வேற, லென்ஸ் பாத்த இடம் வேற, அவ்வளவு தான். அன்னிக்கு அவனுக்கு நாப்கின்ல கிறுக்கி கிறுக்கி சொன்னத தான் இங்க கொஞ்சம் நிதானமா எழுதறேன், ஏன்னா இதே கேள்விய இதுக்கு முன்னாடியும் மூணு பேரு கேட்டுட்டாங்க.

முதல்ல ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கணும். எம்8 மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல நீங்க பாக்கற ஜன்னல் வேற, லென்ஸ் வேற. டிஎஸ்எல்ஆர்ல லென்ஸ் வழியா பாக்கறீங்க, அதனால என்ன லென்ஸ் போட்டாலும் அது தெரியறது தான் படம். இங்க அப்படி இல்ல, ஜன்னல் எப்பவும் ஒரே மாதிரி தான் காட்டும், அதுக்குள்ள வெள்ளையா ஒரு கோடு வந்து "இது வரைக்கும் தான் படத்துல விழும்"னு சொல்லும். அந்தக் கோடு தான் ஃப்ரேம்லைன். அந்தக் கோட்டுக்கு நீங்க என்ன லென்ஸ் போட்டிருக்கீங்கன்னு கண்ணால பாத்து தெரியாது, தொட்டு தான் தெரியும்.

எப்படி தொடும்னா, எம் மவுண்ட் லென்ச (லைக்கா எம் கேமரா வாயில மாட்டறது) கழட்டி பின்பக்கம் திருப்பி பாருங்க, வளையத்துல நாலு காது இருக்கும். அதுல ஒரு காதோட நீளம் லென்சுக்கு லென்ஸ் மாறும். கேமரா வாய்க்குள்ள எட்டி பாத்தா ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும், லென்ச திருகி மாட்டும்போது அந்தக் காது இந்த நெம்புகோல எவ்வளவு தூரம் தள்ளுதோ அதுக்கு தகுந்த கோடு உள்ள எழும்பும். இருக்கறதே மூணு நிலை தான். காது குட்டையா இருந்தா 35 எம்எம் கோடு, நடுத்தரமா இருந்தா 50, நீளமா இருந்தா 28. 1954ல வந்த எம்3 காலத்துல இருந்தே கோடு தானா மாறுற ஏற்பாடு இது தான், டிஜிட்டல் ஆன பிறகும் இந்த மெக்கானிக்கல் சங்கதிய அவங்க மாத்தல.

சில பேரு இங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, லென்சுல கருப்பு வெள்ளையா ஆறு புள்ளிக் குறி இருக்கே, அது தான் ஃப்ரேம்லைன் கோட்ட மாத்துதுன்னு நினைப்பாங்க. இல்லீங்க. அது 2006ல எம்8 கூட வந்தது, கேமராவுக்கு "இன்ன லென்ஸ் மாட்டியிருக்கு"ன்னு சொல்லி மூலையில விழற நிழலையும் கலரையும் சரி பண்றதுக்கு. ஃப்ரேம்லைனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, கோடு காதுக்கு மட்டும் தான் கட்டுப்படும். ஆனா தலைகீழா ஒரு சம்பந்தம் உண்டு, கேமரா அந்த புள்ளிக் குறிய படிக்கும்போது நெம்புகோல் எந்த நிலையில இருக்குன்னும் சேத்து பாக்கும், அதனால தப்பு காது உள்ள லென்சுல மார்க்கர் பேனாவால புள்ளி வச்சு ஏமாத்த பாத்தா சில நேரம் கேமரா லென்ச அடையாளம் கண்டுக்காது. நானும் அப்படி வச்சு பாத்து ஒரு சாயங்காலம் முழுக்க வீணா போச்சு.

சரி, உங்க கேமராவுல என்னென்ன கோடு இருக்கு? இத மனப்பாடமா வச்சுக்கோங்க. எம்9 (2009ல வந்தது), எம் டைப் 240, எம்10, எம்11 எல்லாத்துலயும் ஜோடி ஒண்ணு தான்: 28ம் 90ம் சேந்து வரும், 35ம் 135ம் சேந்து வரும், 50ம் 75ம் சேந்து வரும். எம்8ல மட்டும் கொஞ்சம் வித்தியாசம், அதுல சென்சார் சின்னது, 27க்கு 18 மில்லிமீட்டர், அதனால 135 கோட்ட தூக்கிட்டு அந்த எடத்துல 24 வச்சிட்டாங்க. அப்போ எம்8ல 24ம் 35ம் ஜோடி, மத்த ரெண்டு ஜோடியும் அப்படியே. 135 லென்ச எம்8ல மாட்டுனா 24-35 கோடு தான் எழும்பும், அதுக்குன்னு கோடே கெடையாது, ஆசைப்படாதீங்க.

ரெண்டு ரெண்டா கோடு வந்தா எத பாக்கறதுன்னு புதுசா வாங்குனவங்க திணறுவாங்க. பெரிய கட்டம் அகலமான லென்சுக்கு, உள்ள இருக்கற சின்ன கட்டம் நீளமான லென்சுக்கு. 50 போட்டா வெளிக்கட்டம் உங்களோடது, உள்ள மூலை மூலையா தெரியற 75 கோட்ட கண்டுக்காதீங்க. 90 போட்டா உள்ள இருக்கற குட்டிக் கட்டம் உங்களோடது, ஓரத்துல தெரியற 28 கோடு சும்மா நிக்குது. ஒரு வாரம் பழகுனா கண்ணு தானா வேண்டாதத தள்ளிடும், லைன் வீட்ல பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் நாளாவட்டத்துல காதுல விழாம போகுமே அந்த மாதிரி.

எப்சன் ஆர்-டி1 வச்சிருக்கவங்களுக்கு கதையே வேற. 2004ல வந்த அது தான் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். அதுல எதுவும் தானா மாறாது, மேல ஒரு ஸ்விட்ச் இருக்கும், 28, 35, 50ன்னு நீங்களே தள்ளிக்கணும். லென்ஸ் மாத்திட்டு ஸ்விட்ச்ச மறந்தா கேமரா ஒண்ணும் சொல்லாது, வீட்டுக்கு வந்து பாத்தா தான் தெரியும். ஆனா ஒரு நல்லது, ஒரு நேரத்துல ஒரே கோடு தான் தெரியும், குழப்பம் இல்ல. இன்னொரு பெரிய நல்லது, ஜன்னல்ல தெரியற உருவம் அசல் அளவுலயே இருக்கும், ரெண்டு கண்ணையும் திறந்து வச்சிட்டு எடுக்கலாம், ஊரே தெரியும், நடுவுல வெள்ளைக் கட்டம் காத்துல மெதக்கும். எனக்கு இன்னிக்கும் ரொம்ப புடிச்ச ஃபைண்டர் அது தான்.

இப்ப தம்பி மாட்டிக்கிட்ட எடத்துக்கு வருவோம், க்ராப் கணக்கு, அதாவது ஃபிலிம விட சென்சார் சின்னதா இருக்கறதால படத்துல விழற அகலம் எவ்வளவு சுருங்குதுங்கற கணக்கு. "எம்8 சென்சார் 1.33 மடங்கு, அப்போ 35 லென்ஸ் போட்டா 47 ஆயிடும், அதனால 50 கோட்ட பாக்கணுமா?"ன்னு கேட்டான். வேணாம்பா! எம்8 ஜன்னல்ல வரைஞ்சிருக்கற கோடு அந்த சென்சாருக்குன்னே வரைஞ்சது. 35 லென்சுக்கு 35 கோடு, 28 லென்சுக்கு 28 கோடு, பெருக்கவே வேணாம். ஆர்-டி1லயும் அதே தான், 1.53 மடங்குங்கற கணக்க ஏற்கனவே கோடு வரையும்போதே சேத்துட்டாங்க. பெருக்கல் கணக்கு ரெண்டே எடத்துல தான் தேவை. ஒண்ணு, "இந்த லென்ஸ் இந்த கேமராவுல எந்த மாதிரி பாக்கும்"னு முடிவு பண்றப்போ. எம்8ல 28 போட்டா ஃபிலிம் கேமராவுல 37 மாதிரி, 35 போட்டா 47 மாதிரி, 50 போட்டா 67 மாதிரி. ஆர்-டி1ல 28 போட்டா 43, 35 போட்டா 54 மாதிரி. ரெண்டாவது, கேமரா மேல ஹாட் ஷூவுல மாட்டற வெளி ஃபைண்டர் (தனி ஜன்னல்) வாங்கும்போது. அந்த வெளி ஃபைண்டர் ஃபிலிம் அளவுக்கு செஞ்சது, அதனால எம்8ல 21 லென்ஸ் போட்டா 28 போட்ட ஃபைண்டர் தான் வாங்கணும், 15 லென்ஸ் போட்டா 21 ஃபைண்டர். ஆர்-டி1ல 15 லென்சுக்கு 24 இல்லன்னா 25 ஃபைண்டர் சரியா வரும். லென்சுல என்ன நம்பர் எழுதியிருக்கோ அதே நம்பர் ஃபைண்டர வாங்கிட்டு அப்புறம் முழிக்கறவங்க நிறைய.

அப்போ தம்பி படம் ஏன் கெட்டுது? அவன் லென்ஸ் 40. எம்8லயும் 40 கோடு இல்ல, எம்9, எம்11லயும் இல்ல. 40 எம்எம் லென்ஸ் 1973ல வந்த லைக்கா சிஎல்லுக்காக செஞ்ச சுமிக்ரான்-சி, மினோல்ட்டாவோட எம்-ரொக்கார், இப்ப கெடைக்கற வாய்க்லாண்டர் நாக்டான்னு பல இருக்கு, இதெல்லாம் பெரிய எம் கேமராவுல மாட்டுனா 50-75 கோட்ட தான் எழுப்பும். நம்ம ஊருக்கு 2007லயே பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்தி போர்டு வச்சாச்சு, பஸ்ல ஏறி பெர்ஜுந்தைன்னு சொன்னா தான் நமக்கு வாய்க்கு வருது, அது போல லென்ஸ் 40, கேமரா அத 50ன்னு கூப்பிடுது. இதுக்கு மேல எம்8ல இன்னொரு கூத்து இருக்கு, அத கீழ சொல்றேன். ரெண்டும் சேந்து, தூரத்துல இருக்கற ஆள எடுக்கும்போது அவன் கட்டத்துக்குள்ள வச்சது படத்தோட அகலத்துல முக்கால்வாசிக்கும் கொஞ்சம் கம்மி தான். மீதி கால்வாசி நாற்காலியும் மாமாவும்.

40 லென்சுக்கு என்ன வழி? 35 கோட்ட பாத்து எடுக்கறது தான். கோட்டுக்கு கொஞ்சம் உள்ள அடங்குற மாதிரி வச்சா போதும், 50 கோட்ட விட இது எவ்வளவோ பக்கத்துல வரும். அந்த கோட்ட எப்படி வரவைக்கறதுன்னா, கேமரா முன்னாடி ஒரு சின்ன லீவர் இருக்கும், அத லென்ச விட்டு வெளிப்பக்கம் தள்ளுனா 35 ஜோடி, நேரா நின்னா 50 ஜோடி, லென்ஸ் பக்கம் தள்ளுனா 28 ஜோடி. கைய விட்டா பழையபடி திரும்பிடும், அதனால எடுக்கற வரைக்கும் விரலால பிடிச்சிட்டே இருக்கணும், கொஞ்சம் எரிச்சல் தான். எம் டைப் 240ல அந்த லீவரே இல்ல, தூக்கிட்டாங்க, அடுத்து வந்த எம்-பியிலயும் எம்10லயும் திருப்பி வச்சாங்க. 240 வச்சிருக்கவங்க 40 லென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க. சில பேரு லென்சோட அந்தக் காத அரத்தால தேச்சு குட்டையாக்கிடுவாங்க, 35 கோடு தானா வந்துடும். வேலை செய்யும், ஆனா தேச்ச தூள் ஒரு பொட்டு கேமராவுக்குள்ள போனா சென்சார் கதி என்னாகும்னு நினைச்சு பாருங்க, லென்ச பிரிச்சு காது வளையத்த தனியா எடுத்து தான் தேய்க்கணும், திருப்பி விக்கும்போதும் வெலை கொறையும். எனக்கு அந்த தைரியம் இல்ல. 40 தான் உங்க கண்ணுன்னு இருந்தா, பிரான்சுல செய்யற பிக்சி கேமராவுல 40க்குன்னே கோடு இருக்கு, அதையும் பாத்து வச்சுக்கோங்க.

பழைய ஸ்க்ரூ மவுண்ட் (மரை போட்ட) லென்ஸ் வாங்கறவங்க கவனமா இருங்க. அதுல காதே கிடையாது, அடாப்டர் வளையத்துல தான் காது இருக்கு. அடாப்டர் மூணு வகையா வரும், 28-90, 35-135, 50-75ன்னு. 35 லென்சுக்கு 35-135 அடாப்டர் தான் வாங்கணும். நான் ஒரு தடவ கோலாலம்பூர்ல ஒரு கடையில 35 லென்ஸ் வாங்குனேன், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணு தான் பாஸ்"னு சொல்லி 50-75 அடாப்டர மாட்டி குடுத்துட்டாரு, நானும் நம்பி ஒரு கல்யாணம் பூரா எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நல்லவங்க, படத்த வெட்டி குடுத்தத பாத்து ஒண்ணும் கேக்கல. இப்பல்லாம் அடாப்டர் வாங்குனா கடையிலேயே மாட்டி ஜன்னல்ல பாத்துட்டு தான் காச எடுக்கறேன்.

அகலமான லென்ஸ்ல இன்னொரு பொறி. 21 லென்ஸ் பொதுவா 28-90 கோட்ட எழுப்பும், 24 லென்ஸ் 35 ஜோடிய எழுப்பும். எம்8ல அது நல்லது, 24 கோடும் கூடவே வந்துடும். எம்9ல 24 போட்டா 35 கோடு தான் தெரியும், அத நம்பி எடுத்தீங்கன்னா தீந்துது. எம்9ல 24 போட்டவங்க கோட்ட மறந்துட்டு ஜன்னல் முழுக்க என்ன தெரியுதோ அது தான் படம்னு சுமாரா வச்சுக்கலாம். எம்8ல 21 போட்டவங்களுக்கும் அதே சுமார் கணக்கு தான்.

இப்ப எம்8 கூத்து. இது தான் எல்லாரையும் ஏமாத்தறது, லென்ஸ் கோடு ரெண்டும் சரியா பொருந்தி இருந்தாலும் ஏமாத்தும். லென்ச கிட்டத்துல ஃபோகஸ் பண்ண பண்ண அது முன்னாடி நீண்டு வரும், நீண்டா பாக்கற அகலம் கொஞ்சம் சுருங்கும். ஆனா ஜன்னல்ல இருக்கற கோடு எடம் மட்டும் தான் மாறும், அளவு மாறாது. நீங்க கிட்ட ஃபோகஸ் பண்ணா கட்டம் வலது பக்கமா கீழ இறங்கும், பாத்திருப்பீங்க, ஜன்னலும் லென்சும் வேற வேற எடத்துல இருக்கறதால வர கோணலுக்கு அது ஈடு கட்டுது. அளவ மட்டும் ஏதாவது ஒரு தூரத்துக்கு தான் சரியா வரைய முடியும். எந்த தூரம்னு கேமராவுக்கு கேமரா மாறும்: எம்8ல 0.7 மீட்டர், எம்9ல 1 மீட்டர், 2008ல வந்த எம்8.2, அப்புறம் எம் டைப் 240, எம்10ல எல்லாம் 2 மீட்டர். அந்த தூரத்துக்கு அப்பால போகப்போக கோடு காட்டறத விட அதிகமா படத்துல விழும். எம்8ல 50 லென்ஸ் போட்டு தூரத்துல எடுத்தா அகலத்துலயும் உயரத்துலயும் சுமார் 8 சதவீதம் கூட வரும்னு நான் கணக்கு போட்டு பாத்தேன். எம்10 கையேட்டுலயே, தூரம் முடிவிலின்னு வச்சா 28க்கு சுமார் 7.3 சதவீதத்துல இருந்து 135க்கு சுமார் 18 சதவீதம் வரைக்கும் கூட விழும்னு போட்டிருக்காங்க. 2 மீட்டருக்கு உள்ள வந்தா தலைகீழ், கோட்ட விட கொஞ்சம் கம்மியா விழும், புள்ள முகத்த கிட்ட போய் எடுத்தா காது வெட்டுப்படறது இதனால தான்.

அதனால கோட்டுக்கு வெளிப்பக்கம் எவ்வளவு விடறதுன்னு உங்க கேமராவுக்கு நீங்களே பழகிக்கணும், அடுத்தவன் சொல்லி வராது. நான் பண்ண முறைய சொல்றேன். பழைய தோட்டத்து ஸ்டோர் சுவரு ஜிங்க் தகடுல இருக்கு, வரி வரியா, ஒவ்வொரு வரியும் ஒரே அளவு. கோடு போட்ட நோட்டு மாதிரி. உங்க பக்கம் ஸ்டோர் இல்லன்னா பள்ளிக்கூடத்து ஓடு பதிச்ச சுவரு, செங்கல் சுவரு, எதுவா இருந்தாலும் சரி. ட்ரைபாட்ல கேமராவ வச்சு சுவருக்கு நேரா நிறுத்துங்க, சாய்ச்சு வச்சா கணக்கு தப்பும். மெஷர் டேப்பால 1 மீட்டர், 2 மீட்டர், 5 மீட்டர்னு அளந்து தரையில சாக்பீஸால கோடு போடுங்க. ஒவ்வொரு தூரத்துலயும் ஜன்னல்ல பாத்து இடது கோடு எந்த வரியில, வலது கோடு எந்த வரியில விழுதுன்னு எண்ணுங்க, தனியா கஷ்டம், கூட ஒரு ஆளு நின்னு மாஸ்கிங் டேப் ஒட்டுனா சுலபம். அப்புறம் ஃபோகஸ் பண்ணி எடுங்க. படத்துல எத்தன வரி விழுந்திருக்குன்னு எண்ணி பாருங்க. டேப்புக்கு வெளிய எத்தன வரி கூட வந்துதோ அது தான் அந்த தூரத்துல நீங்க விடவேண்டிய கணக்கு. பத்து மணிக்குள்ள முடிச்சிடுங்க, அதுக்கு மேல ஜிங்க் கண்ண கூசும்.

படம் சரியா விழுதான்னு சரிபாக்க ஒரு வாய்ப்பாடு: சென்சார் அகலத்த லென்ஸ் நம்பரால வகுத்து தூரத்தால பெருக்குங்க. எம்9ல சென்சார் அகலம் 36 மில்லிமீட்டர், 50 லென்ஸ், 5 மீட்டர்னா 3.6 மீட்டர் சுவரு விழும். 35 போட்டா சுமார் 5.1 மீட்டர், 28க்கு 6.4, 90க்கு 2 மீட்டர். எம்8க்கு அதே 5 மீட்டர்ல 50க்கு 2.7, 35க்கு சுமார் 3.9, 28க்கு 4.8. ஆர்-டி1க்கு 50க்கு சுமார் 2.4, 35க்கு 3.4. ரொம்ப கிட்டத்துல இந்த வாய்ப்பாடு கொஞ்சம் பிசகும், 5 மீட்டர்ல கவலை இல்ல. தம்பிக்கு இத பண்ண சொன்னேன், அவன் எம்8ல 40 லென்ச 35 கோட்டோட வச்சு பாத்துட்டு வந்து, தூரத்துல 35 கோட்டோட உள் ஓரம் தான் எல்லைன்னு சொன்னான். அவ்வளவு தான், அவன் பிரச்சன தீந்துது.

கோடு சரியாயிட்டா அடுத்து எந்த லென்ஸ் வாங்கறதுன்னு வரும், இங்க தான் நான் ஊருல சில பேரோட சண்ட போடுவேன். லென்ச ஆசைப்பட்டு வாங்கிட்டு கோட்ட தேடறது தப்பு, உங்க கண்ணுக்கு எந்தக் கோடு முழுசா, வசதியா தெரியுதோ அதுக்கு தகுந்த லென்ச வாங்குங்க. கண்ணாடி போடறவங்களுக்கு 28 கோடு சிரமம். எம்8, எம்9, 240 ஜன்னல் 0.68 மடங்கு, எம்10, எம்11ல 0.73. மடங்கு கூடுனா உருவம் பெருசா தெரியும், ஆனா 28 கோடு ஓரத்துக்கு போயிடும். எம்10ல கண்ண கொஞ்சம் தள்ளி வச்சாலும் தெரியற மாதிரி மாத்துனதால ஈடாயிடுச்சு, ஆனாலும் எனக்கு கண்ணாடியோட 28 நாலு மூலையும் ஒரே பார்வையில தெரியாது. நான் 35ல நின்னுட்டேன். நெட்ட நெடுக 135 எல்லாம் கட்டம் பொட்டு அளவு, அதுக்குள்ள முகத்த தேடறதுக்குள்ள ஆளு நடந்து போயிடுவாரு.

ஃபோகசும் இதுல சேரும். லைக்காவுல ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம் (ஃபோகஸ் பாக்கற ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல உள்ள தூரம்) 69.25 மில்லிமீட்டர், 0.68 மடங்கால பெருக்குனா சுமார் 47, 0.73ன்னா 50க்கு கொஞ்சம் மேல. ஆர்-டி1ல அடித்தளம் வெறும் 38.2, மடங்கு 1. நம்பர் பெருசா இருந்தா நீளமான லென்சுல, அகல திறப்புல ஃபோகஸ் நம்பகமா வரும். அதனால ஆர்-டி1ல 75, 90 போட்டு முழுசா திறந்து எடுக்கறேன்னு அடம் புடிக்காதீங்க, அதுல கோடும் இல்ல. லைக்காவுல 75, 90 பிரியர்களுக்கு ஜன்னல்ல திருகற பெரிதாக்கி 1.25 மடங்கும் 1.4 மடங்கும் கெடைக்கும், எம்10ல 1.4 போட்டா கிட்டத்தட்ட அசல் அளவு வந்துடும், ஆனா 28, 35 கோடு ரெண்டும் கண்ணுக்கு எட்டாது.

நம்ம எடத்துக்கு எது ஒத்துவரும்? விடியக்காலம் நெத்தி லைட்டோட ரப்பர் பால் வெட்டறவங்கள எடுக்கறதுன்னா, எம்9 மாதிரி முழு சென்சார்ல 35, எம்8ல 28. மரத்தையும் ஆளையும் பால் வடியற மங்குக் கிண்ணத்தையும் ஒரே கட்டத்துல வைக்கணும்ல. கித்தா (ரப்பர்) மரம் வரிசைக்குள்ள ரொம்ப பின்னாடி போனா அடுத்த மரம் மறைக்கும். செம்பனை குலை வெட்டற எடத்துல அகல லென்ஸ் போட்டுகிட்டு கிட்ட போகாதீங்க, குலை எங்க விழும்னு வெட்டறவருக்கே சில நேரம் தெரியாது, அந்த நீளக் கம்போட அருவா மேல இருந்து வரும். 50 போட்டு தள்ளி நில்லுங்க, கம்பு முழுசா வரணும்னா கேமராவ நிமித்தி பிடிங்க. தீமிதிக்கு 50, எம்8ன்னா 35 போதும், அங்கயும் கோட்டுக்கு வெளிய ஆள் நிக்கறது ஜன்னல்லேயே தெரியறது தான் இந்த கேமராவோட பெரிய சவுகரியம், பூக்குழிக்குள்ள யாரு எப்ப கால வைக்கப்போறாங்கன்னு கட்டத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். லைன் வீட்டு திண்ணையில பாட்டிய எடுக்கணும்னா எந்த லென்சும் சரி, முதல்ல உக்காந்து பேசுங்க.

சில்லறை விஷயம் கொஞ்சம். எம்8, எம்9ல கோட்டுக்கு வெளிச்சம் முன்னாடி இருக்கற ஒரு பனி மாதிரி ஜன்னல் வழியா வருது, அத விரலால மறைச்சா கோடு மங்கிடும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல செம்பனை நிழல்ல சும்மாவே மங்கலா தான் இருக்கும். 240ல இருந்து அந்த ஜன்னல் இல்ல, எல்இடி வச்சிட்டாங்க, இருட்டுலயும் பளிச்சுன்னு தெரியும், 240ல சிவப்பா வேணுமா வெள்ளையா வேணுமான்னு மாத்திக்கலாம். ஆனா பேட்டரி செத்தா கோடும் சாகும். பெரிய லென்ஸ், நீளமான ஹூட் போட்டா கட்டத்தோட வலது கீழ் மூலைய மறைக்கும், அங்க என்ன இருக்குன்னு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேமராவ லேசா அசைச்சு பாத்துக்கோங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு ஜன்னல் உள்ள பூஞ்சக்காளான் புடிச்சு கோடு புகை மூட்டமா ஆயிடும், ட்ரை கேபினெட் இல்லன்னா மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டாவது வைங்க. முன் ஜன்னல்ல கைரேகை இருந்தாலும் நடு ஃபோகஸ் பொட்டு மங்கும், டீ சர்ட்டால தொடைக்காதீங்க, ரொட்டி சானாய் எண்ணெய் அதுல தான் இருக்கும்.

240ல இருந்து லைவ் வியூ இருக்கு, பின்னாடி ஸ்க்ரீன்ல பாத்து எடுத்தா கோட்டு பிரச்சனையே கெடையாது, 21க்கும் 135க்கும் நானே அப்படி தான் எடுக்கறேன். எம்8, எம்9ல அது இல்ல. தம்பி அதையும் கேட்டான், "அப்ப ஏன்ணே 240 வாங்கக்கூடாது"ன்னு. வாங்குப்பா, காசு இருந்தா வாங்கு, ஆனா ஸ்க்ரீன பாத்து தான் எடுக்கப்போறன்னா இந்த ஜன்னலுக்கு எதுக்கு இத்தன வெள்ளி குடுக்கணும்னேன். சிரிச்சிட்டு டீக்கு காசு குடுக்காம போயிட்டான். அடுத்த வாரம் பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) அவன பாத்தேன், கழுத்துல அதே எம்8, விரல் லீவர் மேல, 35 கோட்ட வெளிப்பக்கம் தள்ளி பிடிச்சபடி அப்பம் சுடற அக்காவ குறி பாத்துகிட்டு இருந்தான்.